சீனர் கடையில் நமது கஞ்சி
ரொறன்ரோ சீன உணவகங்களின் கதை

ரொறன்ரோவில் வாழும் எமது குடும்பங்களுக்குச் சீன உணவகம் அந்நியமான இடமன்று. ஸ்காபரோவில் எத்திசையிற் சென்றாலும் தமிழர் பலசரக்குக் கடையும் சீனர் உணவகமும் ஒரே வளாகத்தில் அருகருகே நிற்பதைக் காண்கிறோம். பிள்ளையின் பிறந்தநாள், பட்டமளிப்பு, ஊரிலிருந்து வந்த உறவினருக்கு விருந்து எனக் காரணம் எதுவாயினும், பத்துப் பேர் சுற்றியமர்ந்து நடுவில் வைத்த பாத்திரங்களிலிருந்து எடுத்துண்ணும் அந்த வட்ட மேசை எமது கூட்டுக் குடும்ப வழக்கத்திற்கு ஒத்துப் போகின்றது. சோறும் மீனும் இறாலும் கணவாயும் உண்டு வளர்ந்த நமக்கு அங்குள்ள உணவும் நாவுக்கு இசைந்ததே. ஆயினும் அந்த மேசைக்குப் பின்னால் இருக்கும் நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாற்றை எம்மிற் பலர் அறியோம். அவ்வரலாறு சமையல் பற்றியது மட்டுமன்று. இந்நாட்டின் கதவுகள் ஓர் இனத்தின் முகத்தில் எவ்வாறு அடைக்கப்பட்டன, அவ்வினம் அவற்றை எவ்வாறு மெல்ல மெல்லத் திறந்தது என்பதே அதன் உட்பொருள். அகதிகளாக வந்து இங்கே வேரூன்ற முயலும் நாம் அதனை அறிந்திருத்தல் நன்று.

ஒரு சொல்லின் பயணம்

சீன உணவகங்கள் பலவற்றின் பெயர்ப்பலகையிலும் உணவுப் பட்டியலிலும் 'கொங்கீ' என்றொரு சொல் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருப்பதை வாசகர்கள் கண்டிருப்பர். அரிசியை நிறைந்த நீரில் நெடுநேரம் காய்ச்சி, மீன் துண்டோ முட்டையோ இறைச்சியோ சேர்த்துப் பரிமாறும் உணவு அது. கந்தோனியர் அதனை 'ஜுக்' என்பர். கொங்கீ என்பது சீனச் சொல்லன்று. அது எமது கஞ்சியே. பதினாறாம் நூற்றாண்டில் இந்தியக் கரைகளுக்கு வந்த போர்த்துக்கேயர் அச்சொல்லைத் தம் மொழியில் ஏற்றுக் கொண்டனர். கோவாவில் வாழ்ந்த போர்த்துக்கேய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா 1563 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், நோயாளிக்குக் கொடுக்கும் அரிசிக் கஞ்சி இப்பெயராலேயே குறிக்கப்படுகின்றது. பின்னர் ஆங்கிலேயர் அச்சொல்லை எடுத்துச் சென்று, கீழைத்தேசங்களில் தாம் கண்ட அரிசிக் கூழுக்கெல்லாம் அப்பெயரையே வழங்கினர். இன்று ரொறன்ரோவில் ஒரு சீனர் தமது உணவை ஆங்கிலத்தில் அறிவிக்கும்போது, தாம் அறியாமலே தமிழ் பேசுகின்றார்.

சீனருக்கும் எமக்கும் உள்ள தொடர்பு இந்த ஒரு சொல்லோடு முடிவதன்று. 1911 ஆம் ஆண்டில் காலி நகரிற் கண்டெடுக்கப்பட்ட கல்வெட்டொன்று கொழும்பு தேசிய நூதனசாலையில் உள்ளது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோவின் பயணத்தோடு தொடர்புடைய அக்கல்வெட்டு 1409 ஆம் ஆண்டுத் திகதியைக் கொண்டது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளில் அது பொறிக்கப்பட்டுள்ளது. அதன் தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனாருக்குச் சீனப் பேரரசர் அளித்த காணிக்கைகளைக் கூறுகின்றது. அதற்கும் முன்னரே, 1281 ஆம் ஆண்டில், சீனாவின் சுவான்சௌ துறைமுகத்தில் தமிழ் வணிகர் சிவன் கோயிலொன்று எழுப்பியதைத் தமிழ்க் கல்வெட்டொன்று சான்று கூறுகின்றது. நாம் தேநீரில் இடும் சீனியின் பெயரிலும் சீனம் இருக்கின்றது. எமது நாட்டுத் தேநீர்க் கடைகளின் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கி வைத்திருக்கும் றோல்ஸை 'சைனீஸ் றோல்ஸ்' என்று அழைக்கும் வழக்கத்தையும் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உருளைக்கிழங்கும் இறைச்சியும் மிளகாயும் உள்ளே வைத்துப் பொரித்த அப்பண்டம் எந்தச் சீனருக்கும் தெரியாததொன்று! ஆயினும் பெயர் நிலைத்து விட்டது.

இரும்புப் பாதையும் தலைவரியும்

கனடாவின் கிழக்கையும் மேற்கையும் இணைத்த கனேடிய பசிபிக் இரும்புப் பாதையின் மிகக் கடினமான பகுதி பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைகளூடாகச் செல்வது. 1880 முதல் 1885 வரை அங்கே பாறைகளை வெடிவைத்துத் தகர்த்துப் பாதை அமைத்தோரில் ஏறக்குறைய 15,000 பேர் சீனத் தொழிலாளர். பெரும்பாலும் தென்சீனாவின் குவாங்டொங் மாகாணத்து ஏழை விவசாயிகளான அவர்கள், வெள்ளைத் தொழிலாளரிலும் குறைந்த கூலிக்கு உழைத்தனர். விபத்தாலும் நோயாலும் மாண்டோர் பலநூற்றுவர். 1885 நவம்பர் 7 ஆம் நாள் இறுதி ஆணி அறையப்பட்டது.

வேலை முடிந்த அதே ஆண்டிலேயே நன்றிக்கடனும் முடிந்து விட்டது. நாட்டினுள் வரும் ஒவ்வொரு சீனரும் 50 டொலர் தலைவரி செலுத்த வேண்டும் என 1885 இல் சட்டம் வந்தது. பின்னர் அது 100 டொலராக உயர்ந்து, 1903 இல் 500 டொலராயிற்று. ஒரு சீனத் தொழிலாளி இரண்டு ஆண்டுகள் உழைத்துப் பெறும் கூலிக்கு அது ஈடானது. ஏறத்தாழ 82,000 பேரிடமிருந்து அரசு 2 கோடி 30 இலட்சம் டொலர் வரையில் அறவிட்டது. வேறெந்த இனத்தவருக்கும் இவ்வாறு தலைக்கு வரி விதிக்கப்படவில்லை.

வரியாலும் வருகை நிற்காமையால், 1923 யூலை முதலாம் திகதி முதல் சீனக் குடிவரவு முற்றாகத் தடை செய்யப்பட்டது. நாடு தனது பிறந்தநாளைக் கொண்டாடும் அந்நாளைச் சீனர் 'அவமான நாள்' என்றழைத்துக் கடைகளை மூடினர். அச்சட்டம் நடைமுறையிலிருந்த 24 ஆண்டுகளில் நாட்டினுள் அனுமதிக்கப்பட்ட சீனர் ஐம்பது பேருக்கும் குறைவே. முன்னரே வந்துவிட்ட ஆண்கள் இங்கும், மனைவி மக்கள் அங்குமாக ஒரு தலைமுறை கழிந்தது. தகப்பனைக் கடிதத்திலும் புகைப்படத்திலும் மட்டுமே கண்டு வளர்ந்த பிள்ளைகள் எண்ணற்றோர். குடும்பத்தைப் பொறுப்பேற்று அழைக்கும் விண்ணப்பத்திற்குப் பதில் வராதா என ஆண்டுக்கணக்கில் தபாற்பெட்டியைப் பார்த்திருந்த எம்மவர்க்கு அந்த வேதனையை விளக்கிக் கூற வேண்டியதில்லை.

ஏன் சலவையும் சமையலும்?

ரொறன்ரோ நகர விபரக் கொத்தில் இடம்பெற்ற முதற் சீனர் சாம் சிங் என்பவர். 1878 இல் அடிலெய்ட் வீதி கிழக்கில் சலவைக் கடை நடத்தியவர். நகரின் முதற் சீனத் தேநீர்ச்சாலை 1901 இல் குயீன் வீதி மேற்கில் திறக்கப்பட்டது. சலவையும் சமையலும் சீனரின் இயல்பான தொழில்கள் என்று எண்ணுவோர் உளர். அது தவறு. தென்சீனக் கிராமங்களில் ஆண்கள் பிறர் துணி வெளுத்துப் பிழைத்தவர்களல்லர். மற்றைய கதவுகள் மூடப்பட்டமையாலேயே அவர்கள் இவ்விரு தொழில்களையும் நாடினர். பிரிட்டிஷ் கொலம்பியாவில் சீனருக்கு வாக்குரிமை மறுக்கப்பட்டது. வாக்காளர் பட்டியலில் இல்லாதவர் சட்டத்தரணியாகவோ மருந்தாளராகவோ வர இயலாது. ரொறன்ரோவில் குயூ டொக் யிப் என்பவர் கனடாவின் முதற் சீனச் சட்டத்தரணியாகப் பதவியேற்றது 1945 இலேயே நிகழ்ந்தது.

உணவகம் நடத்தச் சான்றிதழ் தேவையில்லை, சரளமான ஆங்கிலம் தேவையில்லை, சிறுமுதல் போதும். அச்சிறுமுதலையும் அவர்கள் எவ்வாறு திரட்டினர்? வங்கி கடன் கொடாத நிலையில், ஓரூரவரும் ஒரு குலத்தவரும் மாதந்தோறும் பணம் போட்டு முறைவைத்து எடுத்தனர். 'ஹுய்' எனும் அம்முறை எமது சீட்டேயன்றி வேறில்லை. சீட்டெடுத்துக் கடை போட்ட எம்மவர் இதனை எளிதில் விளங்கிக் கொள்வர்.

உணவகம் திறந்த பின்னரும் தொல்லை தீரவில்லை. சீன முதலாளிகள் வெள்ளைப் பெண்களை வேலைக்கு வைத்திருக்கக் கூடாது என்று 1912 இல் சஸ்கச்சுவானும் 1914 இல் ஒன்ராறியோவும் சட்டம் இயற்றின. இத்தனைக்கும் நடுவே அவர்கள் கடையை நடத்தினர். வாடிக்கையாளர் விரும்பிய உணவையே சமைத்தனர். முன்மேசைக்கு மாட்டிறைச்சி வறுவலும் ஆப்பிள் பணியாரமும் சென்றன. மேலைநாட்டார் நாவுக்கேற்ப ஆக்கிய 'சொப் சூயி' சென்றது. பின்னறையில் தாம் உண்டது வேறு: வெண்சோறு, உப்பு மீன், கீரை. உழைப்புக்கு ஒரு முகம், உறவுக்கு ஒரு முகம் என வாழ்ந்த அந்த இரட்டை வாழ்வு பல தசாப்தங்கள் நீடித்தது.

எலிசபெத் வீதி இடிபட்ட கதை

இன்று நகர மண்டபமும் அதன் முன்னுள்ள நேதன் பிலிப்ஸ் சதுக்கமும் அமைந்துள்ள இடத்தை வாசகர்கள் அறிவர். குளிர்காலத்தில் பிள்ளைகள் பனிச்சறுக்கி விளையாடும் அவ்விடத்திலேதான் ரொறன்ரோவின் முதற் சீனப்பட்டினத்தின் ஒரு பகுதி இருந்தது. புதிதாக வந்திறங்கிய யூதர், இத்தாலியர், கறுப்பினத்தவர் என வறியோர் அனைவரும் நெருங்கி வாழ்ந்த பகுதி அது. எலிசபெத் வீதியில் சீனர் கடைகளும் சங்கங்களும் உணவகங்களும் நிரம்பியிருந்தன. 1947 இல் விலக்குச் சட்டம் நீக்கப்பட்டபின் அங்கே பெரிய உணவகங்கள் எழுந்தன. 1948 இல் திறக்கப்பட்ட 'லீச்சி கார்டன்' அவற்றுட் புகழ்பெற்றது. வெள்ளையரும் வரிசையில் நின்று உண்ணும் இடமாக அது விளங்கியது.

ஆனால் புதிய நகர மண்டபத்திற்காக 1950 களில் அந்நிலத்தின் பெரும்பகுதியை நகரசபை சுவீகரித்து இடித்தது. பின்லாந்துக் கட்டடக் கலைஞர் வில்யோ றெவெல் வரைந்த மண்டபம் 1965 இல் திறக்கப்பட்டது. எஞ்சிய பகுதியும் பறிபோகும் நிலை வந்தபோது, 'சீனப்பட்டினத்தைக் காப்போம்' எனும் குழு 1969 இல் எழுந்தது. அதற்குத் தலைமை தாங்கியவர் ஜீன் லம் என்ற அம்மையார். கணவரோடு சேர்ந்து எலிசபெத் வீதியில் 'குவோங் சௌ' என்ற உணவகத்தை நடத்தியவர் அவர். 1957 இல் பிரதமர் டீபன்பேக்கரைச் சந்தித்துச் சீனக் குடும்பங்கள் ஒன்றுசேர வழி திறக்குமாறு கேட்ட தூதுக்குழுவில் இடம்பெற்ற ஒரே பெண்மணியும் அவரே. 1976 இல் 'ஓர்டர் ஒவ் கனடா' விருது பெற்ற முதற் சீனக் கனேடியப் பெண் என்ற சிறப்பும் அவருக்குரியது. உணவகம் நடத்திய ஒரு பெண் பிரதமரின் வாசல்வரை சென்று தன் இனத்தின் வழக்கை உரைத்தார் என்பதை எமது பெண்பிள்ளைகள் அறிய வேண்டும்.

ஸ்பதைனாவுக்கு வந்த அகதிகள்

இடிபட்ட சீனப்பட்டினம் மேற்கே டண்டாஸ், ஸ்பதைனா வீதிகளுக்கு நகர்ந்தது. அப்பகுதி அதற்குமுன் யூதத் தையற் தொழிலாளரின் குடியிருப்பு. யூதர் நாடக அரங்கொன்று காலப்போக்கில் சீனத் திரைப்படங்கள் காட்டும் கொட்டகையாயிற்று. ஒரு குடியேற்றம் விட்டுச்சென்ற கட்டிடத்தில் அடுத்த குடியேற்றம் விளக்கேற்றுவது இந்நகரின் வழமை.

1967 இல் இனத்தைப் பாராது தகைமையைப் பார்க்கும் புள்ளிமுறை வந்தது. ஹொங்கொங்கிலிருந்து படித்தோரும் வசதி படைத்தோரும் வந்தனர். அவர்களோடு 'டிம் சம்' என்னும் காலைச் சிற்றுண்டி வழக்கமும் வேரூன்றியது. மூங்கிற் தட்டுகளில் ஆவியில் அவித்தெடுக்கும் அப்பண்டங்களைப் பார்க்கும்போது எமது நீற்றுப்பெட்டியும் இடியப்பத் தட்டும் நினைவுக்கு வரும். எண்ணெயிற் பொரிப்பதிலும் ஆவியில் அவிப்பது உடலுக்கு நன்று என்பது இரு இனத்து மூதாட்டியரும் கண்ட உண்மை.

1979, 1980 ஆம் ஆண்டுகளில் கனடா ஏறத்தாழ 60,000 இந்தோசீன அகதிகளை ஏற்றது. படகுகளில் கடலைக் கடந்து வந்த அவர்களுட் பலர் வியட்நாமில் வாழ்ந்த சீனர். ஸ்பதைனாவில் அவர்கள் திறந்த சிறு நூடில்ஸ் கடைகளின் 'ஃபோ' இன்று நகரெங்கும் பரவிவிட்டது. எலும்பை மணிக்கணக்காகக் கொதிக்கவிட்டு, கறுவாவும் நட்சத்திரச் சோம்பும் இட்டு இறக்கிய சாற்றில், அரிசிமாவினால் ஆன இழைகளை இட்டு உண்பது அது. இடியப்பத்தையும் சொதியையும் அறிந்த நமக்கு அரிசி இழையும் சாறும் புதுமையல்ல.

அந்த அகதிகளை வரவேற்றமைக்காகக் கனேடிய மக்களுக்கு ஐக்கிய நாடுகளின் நான்சென் விருது 1986 இல் வழங்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலேதான் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை மீனவர்கள் மீட்டனர். படகில் வந்தோரை இந்நாடு ஏற்கலாம் என்ற எண்ணம் எமக்கு முன் வந்த அந்தப் படகு மக்களாலும் வலுப்பெற்றது என்றால் மிகையாகாது. ஆனால் 2010 ஆகஸ்டில் 492 தமிழருடன் 'சன் சீ' கப்பல் மேற்குக் கரையை அடைந்தபோது அவர்கள் தடுத்து வைக்கப்பட்டதையும் நாம் கண்டோம். கதவு ஒருமுறை திறந்தால் என்றும் திறந்தே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

அஜின்கோர்ட் கூட்டமும் கல்கத்தாச் சீனரும்

நாம் வாழும் ஸ்காபரோவின் கதையும் இதனோடு சேர்ந்ததே. 1984 இல் ஷெப்பேர்ட் வீதிக்கு அருகே கிளென் வொட்பேர்ட் வீதியில் 'டிராகன் சென்ரர்' எனும் சீனக் கடைத்தொகுதி திறக்கப்பட்டது. வாகன நெரிசல் என்ற முறைப்பாட்டோடு அதே ஆண்டு மே மாதத்தில் கூடிய கூட்டத்துக்கு ஏறக்குறைய 500 பேர் திரண்டனர். பேச்சு நெரிசலிலிருந்து நழுவி இனத்துவேசத்தில் முடிந்தது. 1995 இல் மார்க்கம் நகரின் துணை மேயர் கரோல் பெல் சீனர் பெருக்கம் பற்றிக் கூறியவையும் பெரும் சர்ச்சையைக் கிளப்பின. 2003 இல் சார்ஸ் நோய் பரவியபோது சீன உணவகங்கள் வெறிச்சோடின. அச்சம் தேவையற்றது எனக் காட்டுவதற்காகப் பிரதமர் ஜோன் கிரெத்தியேன் ரொறன்ரோ சீனப்பட்டினத்து உணவகமொன்றில் அமர்ந்து உண்டார். உணவகத்தின் வெறும் கதிரைகளே ஒரு சமூகத்தின் மீதுள்ள அவநம்பிக்கையின் அளவுகோலாகி விடுகின்றன.

எமது இளைஞர் மிக விரும்பிச் செல்லும் 'ஹக்கா' உணவகங்களின் பின்னணி இன்னும் துயரமானது. சில்லி சிக்கன் அங்கே கிடைப்பது ஏன் என்று அவர்கள் கேட்டதுண்டா? கல்கத்தாவில் தோல் பதனிடும் தொழில் செய்து தங்ரா பகுதியில் வாழ்ந்த ஹக்காச் சீனர், இந்திய மிளகாயையும் இஞ்சியையும் தம் சமையலிற் கலந்தனர். 1962 இல் இந்தியாவும் சீனாவும் போரிட்டபோது, இந்தியாவிலேயே பிறந்து வளர்ந்த சீனர் உட்பட ஏறத்தாழ 3,000 பேர் இராஜஸ்தானில் உள்ள தியோலி முகாமில் அடைக்கப்பட்டனர். முகத்தைக் கொண்டே பகைவர் எனத் தீர்மானிக்கப்பட்டவர்கள் அவர்கள். விடுதலையானோரும் ஏனையோரும் பின்னர் நாட்டைவிட்டு வெளியேற, அவர்களுட் பலர் ரொறன்ரோவை அடைந்தனர். முகாமில் வாழ்ந்தோர் 2017 இல் ஒட்டாவாவிலுள்ள இந்தியத் தூதரகத்திற்குச் சென்று மன்னிப்புக் கோருமாறு கேட்டனர். நாம் சுவைத்துண்ணும் அந்தக் காரமான கோழிக்கறியும் ஒருவகையில் அகதியின் உணவே.

நாம் எண்ண வேண்டியவை

2006 யூன் 22 ஆம் நாள் கனேடியப் பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் நாடாளுமன்றத்தில் தலைவரிக்காகச் சீனரிடம் மன்னிப்புக் கேட்டார். உயிரோடிருந்த வரி செலுத்தியோருக்கும் மறைந்தோரின் துணைவர்களுக்கும் தலா 20,000 டொலர் வழங்கப்பட்டது. வரி செலுத்திய 82,000 பேருட் பெரும்பாலானோர் அதற்குள் இறந்து விட்டனர். ஆயினும் மன்னிப்பு வந்தது. அது தானாக வரவில்லை. தலைவரிச் சான்றிதழ்களைப் பெட்டியின் அடியிற் பத்திரமாக வைத்திருந்து, பிள்ளைகளுக்குக் காட்டி, சங்கம் அமைத்து, வழக்காடி, பல ஆண்டுகள் கேட்டமையால் வந்தது. எமது குடும்பங்களிலும் பழைய கடவுச்சீட்டுகள், அகதி விண்ணப்பப் படிவங்கள், முகாம் அட்டைகள் கிடக்கின்றன. அவற்றைக் குப்பையென எறிந்து விடலாகாது.

இரண்டாவது, தொழில் பற்றியது. இந்நகரின் உணவகச் சமையலறைகளில் எம்மவர் பலர் கோப்பை கழுவுபவராக நுழைந்து சமையற்காரராக உயர்ந்தனர். ஊரில் எழுதுவினைஞராகவும் ஆசிரியராகவும் இருந்தோர் இங்கே இரவு இரண்டு மணிக்கு எண்ணெய் படிந்த உடையோடு கடைசிப் பேருந்தைப் பிடித்தனர். அதனைப் பிள்ளைகளிடம் மறைக்கும் பெற்றோரை நாம் அறிவோம். மறைப்பதற்கு அதில் என்ன இருக்கின்றது? சீனச் சட்டத்தரணிகளையும் மருத்துவர்களையும் உருவாக்கியதில் சலவைத் தொட்டிக்கும் சமையலடுப்புக்கும் பெரும் பங்குண்டு. அவர்கள் அதனை இன்று நூலாகவும் திரைப்படமாகவும் பெருமையோடு சொல்கின்றனர்.

மூன்றாவது, கூறக் கூசும் ஒன்று. எம்மவருட் சிலர் சீனரை அவர்தம் முகத்தோற்றத்தைச் சுட்டும் இழிசொல்லால் வீட்டில் குறிப்பிடுகின்றனர். உணவகத்தில் அவர்கள் பரிமாற அமர்ந்திருந்தபடியே, தமிழ் விளங்காதென்ற துணிவில் அதைச் சொல்வோரும் உண்டு. எம்மை எம் முகத்தையும் பெயரையும் பேச்சையும் கொண்டு இனங்கண்டு துரத்தியோர் இருந்தனர் என்பதை மறந்தவரின் பேச்சு அது. பிள்ளைகள் முதலில் கற்பது புத்தகத்திலிருந்தன்று, பெற்றோரின் வாயிலிருந்தே.

வெள்ளிக்கிழமை விரதம் காக்கும் மூத்தோருக்கு ஒரு சிறு குறிப்பும் கூறி வைப்போம். மரக்கறி என்று கேட்டாலும் சிப்பிச் சாறு அதிற் சேர்வது வழக்கம். புத்த முறைச் சைவ உணவு என்று கேட்டால் மச்சம் சேராத உணவு எதுவென அவர்கள் காட்டுவர். சோயாவினாற் செய்த தோவும் காளானும் சுவையானவை.

அடுத்தமுறை குடும்பத்தோடு அத்தகைய கடையொன்றுக்குச் செல்லும்போது, உணவு வரும்வரை பிள்ளைகள் கைத்தொலைபேசியைப் பார்த்திருக்க விடாது, பட்டியலில் உள்ள 'கொங்கீ' என்ற சொல்லை எடுத்துக் காட்டுங்கள். அது எங்கிருந்து புறப்பட்டது, எவர் எவர் கைமாறி இங்கு வந்தது என்பதைச் சொல்லுங்கள். தலைவரி என்றொன்று இருந்ததையும் சொல்லுங்கள். ஒரு பாத்திரம் கஞ்சி ஆறுவதற்குள் சொல்லி முடிக்கக்கூடிய கதைதான் அது.